என் மேல் ஒரு புகார்

நான் ஷேடோ டீச்சர் வேலைக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இன்று வரை நான் மன்னிக்கவில்லை. தாராவியில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு ஏழு மாடி. நான் கீழே காய்கறி வண்டிக்காரனோடு பேரம் பேசினால், நாலாவது மாடியில் இருப்பவர்கள் படிந்த விலையைக் கேட்டுக்கொண்டு பையோடு இறங்கி வருவார்கள். அப்படிப்பட்ட வாய் ஒரு வகுப்பறையின் மூலையில் வருஷம் முழுக்க மூடிக் கிடக்கப் போகிறது என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அதற்காக அவ்வளவு நேரம் சிரித்திருக்க வேண்டாம்.

வேலை இதுதான். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை சாதாரணப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு படிக்கும்போது, அதற்குத் துணையாக ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். டீச்சர் சொன்னது புரியாவிட்டால் படம் காட்டிப் புரியவைக்க வேண்டும். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டால் வெளியே ஒரு சுற்று கூட்டிப் போய் வர வேண்டும். ஆனால் பிள்ளைக்குப் பதிலாக எதையும் செய்துவிடக் கூடாது. ஒரு டிரஸ்ட்டில் நாலு மாதம் பயிற்சி கொடுத்துத்தான் எங்களை அனுப்பினார்கள். முதலில் பக்கத்து நாற்காலி, அப்புறம் பின்வரிசை, அப்புறம் வாசல், அப்புறம் வெளியே என்று கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போக வேண்டுமாம். பிள்ளைக்கு நாம் தேவைப்படாமல் போனால்தான் நாம் ஜெயித்ததாக அர்த்தமாம். இதையும் வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப வேல போறதுக்காவ வேல பாக்கப் போற" என்றார் அவர்.

பள்ளிக்கூடம் செம்பூரில் இருந்தது. சயானில் ஏறி, குர்லாவில் மாறி, இறங்கினால் பத்து நிமிஷ நடை. ஒவ்வொரு வராந்தாவிலும் 'ஆங்கிலத்தில் மட்டும் பேசவும்' என்று ஒரு பலகை தொங்கியது. அதையும் ஆங்கிலத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு இது எப்படிப் போய்ச் சேரும் என்று முதல் நாளே கேட்கத் துடித்தேன். முதல் நாள் என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்குக் கொடுத்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தாள். கோவண்டியிலிருந்து வருகிறவள். ஒல்லியாக, இரட்டைச் சடையோடு, எப்போதும் ஏதோ அவசர வேலை காத்திருப்பது போன்ற முகத்தோடு இருப்பாள். மணி அடித்தால் காதைப் பொத்துவாள். யாராவது தொட்டால் தட்டிவிடுவாள். வகுப்பு வாசலில் கிடக்கும் நாற்பது ஜோடி ஷூக்களையும் அளவுப்படி அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். மதியம் தன் ஷூவைத் தேடி எடுப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பட்ட பாட்டை நான் ரசித்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அவள் பேச்சு மொத்தமும் வகுப்பு டீச்சரிடமிருந்து எடுத்தது. "சிட் டவுன் ப்ளீஸ்", "நோ ஷவுட்டிங்", "வெரி குட், நெக்ஸ்ட்" என்று டீச்சரின் குரலிலேயே, டீச்சரின் இழுப்போடு சொல்வாள். வகுப்பு டீச்சர் மராட்டிக்காரர், நல்ல மனசு, கொஞ்சம் கட்டை நாக்கு. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது தன் குரலே பின்னாலிருந்து "நோ ஷவுட்டிங்" என்று கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். ஒருமுறை திரும்பாமலே "சாரி" என்று சொல்லிவிட்டார். ஆனால் பசிக்கிறது, வலிக்கிறது, வேண்டாம் என்று தனக்காக ஒரு வார்த்தை அவளிடமிருந்து வந்ததே இல்லை.

சொன்னதைச் சொன்னபடி நடத்துவாள். "ஒரு நிமிஷம் உட்கார்" என்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவாள். அவளுக்காக நான் படம் வரைந்த அட்டைகள் செய்திருந்தேன்: புத்தகம், தண்ணீர், டிபன், விளையாட்டு. ஜூலையில் பெருமழைக்குப் பள்ளியை மூடிய ஒருநாள் அவள் தவித்துப் போனதால், குடையும் வீடும் வரைந்து மழைக்கு ஒரு அட்டை சேர்த்தேன். அந்த அட்டை வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று பழக்கினேன். ஒரு வாரம் கழித்து, வெயில் சுள்ளென்று அடிக்கும் ஒரு காலையில், பி.டி. பீரியடுக்கு முன்னால் அவள் மழை அட்டையை எடுத்துக்கொண்டு நேராக டீச்சரிடம் போய் நீட்டினாள். பையையும் மாட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்றோடு அந்த நினைப்பு போயிற்று.

ஆகஸ்டில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். மாட்டுங்காவில் வீடு. மொடமொடப்பான காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய வாட்ச். தமிழர் என்பது பெயர்ப் பலகையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் யாரும் கேட்டதில்லை. ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக, விஷயத்தைச் சொன்னார். ஒரு வருஷம்தான் துணைக்கு ஆள். மார்ச்சில் ஒரு பரீட்சையைப் பிள்ளை தனியாக, நான் பக்கத்தில் இல்லாமல், முழுதாக உட்கார்ந்து எழுத வேண்டும். அவரே வகுப்பில் இருந்து பார்ப்பார். முடியாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்வது பிள்ளைக்கே நல்லது.

சட்டப்படி அப்படி அனுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் "உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்" என்று நாலு பேர் நாலு தடவை சொன்னால் ஏழைப்பட்ட தாய் தகப்பன் தாங்களாகவே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர்கள் சொன்ன வேறு பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. தகப்பன் குர்லாவில் கார் சீட் கவர் தைக்கிற பட்டறையில். தாய் கோவண்டியிலேயே பை தைக்கிற இடத்தில். இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்துக் கொண்டுபோய் விட ஆள் கிடையாது. அந்தப் பள்ளிக்கூடம் என்றால் வீடு என்று அர்த்தம். வெளியே பூட்டிய கதவு, உள்ளே ஒரு டிவி, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, பீரோ, மேலே பரண். பீரோக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்ததாம். 'கம் ஹியர். ஈட் நைஸ்லி. டோன்ட் க்ரை. வாட் யூ வான்ட். கோ டு ஸ்லீப்.' பிள்ளை சின்ன வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு கவுன்சிலர், வீட்டில் ஒரே பாஷைதான் பேச வேண்டும், அதுவும் ஆங்கிலம்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை குழம்பிவிடும் என்று சொல்லிப் போயிருக்கிறார். அதைக் கோப்பிலும் எழுதி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாலு வருஷமாக, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தெருக்குழாயில் இந்தியிலும் தமிழிலும் ஒரே மூச்சில் சண்டை போட்டு ஜெயிக்கிறவள், சொந்தப் பிள்ளையிடம் ஐந்து வாக்கியத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"யக்கா, சோறு வேணுமாட்டின்னு கேக்க முடியல" என்றாள். "ஈட் நைஸ்லின்னு சொல்லிட்டு சும்மா பாத்துக்கிட்டே இருக்கேன். அடுத்தாப்ல என்ன சொல்லணும்னு அந்தத் தாள்ல இல்ல."

"அப்ப நீ பிள்ளைட்ட பேசுததே இல்லையா?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் அவ ஒறங்குவா. அப்ப காதுகிட்டப் போயி மெதுவா எல்லாத்தையும் சொல்லிருவேன். ஒறக்கத்துல கேட்டா ஒண்ணும் ஆவாதுல்லாக்கா?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கவுன்சிலர் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. வீட்டு மொழி எந்தப் பிள்ளையையும் குழப்பாது, அதை எடுத்துவிட்டால்தான் கேடு என்று எங்கள் பயிற்சியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் நேற்று வந்தவள். கோப்பில் எழுதியதை எதிர்த்து ஹெட்மிஸ்ட்ரஸிடம் வாதாட எனக்குத் தைரியம் வரவில்லை. நேர்வழியில் தைரியம் இல்லாதவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

வராந்தாக் கோடியில் கை கழுவும் இடம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் முழுவதிலும் ஆங்கிலப் பலகை இல்லாத ஒரே இடம் அதுதான். அங்கே போனதும் குரலை இறக்கிக்கொண்டு தமிழில் பேச ஆரம்பித்தேன். "வெரசாக் கையக் கழுவுட்டி. சோப்ப எடு. ஐயோ, பாவாடைய நனைச்சிட்டியே." முதல் நாள் அவள் குழாயை மூடிவிட்டு என் வாயைப் பார்த்தாள். கண்ணை அல்ல, வாயை. ஒரு பழக்கப்பட்ட சத்தம் இந்த ஆளிடமிருந்து எப்படி வருகிறது என்று சோதிப்பது போல இருந்தது. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கை கழுவப் போனோம். பள்ளிக்கூடத்திலேயே சுத்தமான கை எங்கள் இரண்டு பேர் கைதான்.

அக்டோபர் வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். அப்படி ஒரு மத்தியானம் குழாயில் கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "தண்ணி சுடுது" என்றாள். டீச்சர் குரலில் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, நான் அதுவரை கேட்டே இராத ஒரு குரலில் சொன்னாள். கட்டிப்பிடித்தால் அவளுக்குப் பிடிக்காது. கத்தினால் காதைப் பொத்துவாள். நான் வாயை இரண்டு கையாலும் அடைத்துக்கொண்டு அந்த ஈரத் தரையில் குதித்தேன். அவள் என்னைப் பொருட்படுத்தாமல் அடுத்த குழாயைத் திறந்து பார்த்து, "இதும் சுடுது" என்றாள்.

அன்று சாயங்காலம் கோவண்டிக்குப் போய் அந்தத் தாளை நானே கிழித்தேன். "ஸ்கூல்ல கேட்டா என்ன சொல்லது?" என்று தகப்பன் பயந்தார். "ஸ்கூல நான் பாத்துக்கிடுதேன்" என்று ஏதோ டிரஸ்ட்டியைப் போலச் சொல்லிவிட்டு வந்தேன். தாய்க்காரிக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. மொத்தத்தையும் பிள்ளையின் தலையில் கொட்டினாள்.

பிள்ளையும் வாங்கிக்கொண்டாள். டிசம்பருக்குள் தண்ணீர், சோறு, வலி, பூனை, பக்கத்து வீட்டுக்காரியின் குணம் எல்லாவற்றுக்கும் வார்த்தை வந்துவிட்டது. ஒரே சிக்கல், அம்மாவிடமிருந்து வந்த தமிழில் பாதி குழாயடித் தமிழ். ஒருநாள் வகுப்பு டீச்சர் கைதவறி டஸ்டரைக் கீழே போட்டார். மூன்றாம் வரிசையிலிருந்து கணீரென்று வந்தது: "கூறுகெட்ட மூதி!"

வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்தார். "க்யா போலா உஸ்னே?"

என்ன சொன்னாள் என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே தமிழ் விவகாரம் முடிந்தது. "'பார்த்து மேடம், ஜாக்கிரதை' என்கிறாள்" என்று இந்தியில் சொன்னேன். பதில் அவ்வளவு சரளமாக வந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை. டீச்சர் உருகிப் போய்விட்டார். இந்தப் பிள்ளை தன் மேல் அக்கறையாக ஒரு வார்த்தை சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒருநாள் வராந்தாவைக் கழுவி விட்டிருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் வகுப்பைத் தாண்டி விறுவிறுவென்று வந்தார். கால் லேசாக வழுக்கியது. வாசலில் நின்ற வகுப்பு டீச்சர் பதறி, கையை நீட்டி, முகமெல்லாம் பாசமாக, "கூறுகெட்ட மூதி, மேடம்!" என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். டீச்சரின் முகத்தைப் பார்த்தார், அதில் கள்ளமில்லை என்று தெரிந்தது. "தேங்க் யூ" என்றார். அப்புறம் டீச்சரின் தோளுக்கு மேலே, உள்ளே பிள்ளைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த என்னைத் தேடிப் பிடித்தார். கூப்பிடக்கூட இல்லை, விரலை மட்டும் அசைத்தார்.

அவர் அறைக்குள் போனதும், "கதவைச் சாத்திட்டு வாங்கோ" என்றார். முதல் தமிழ்.

"அவாகிட்ட அதுக்கு என்ன அர்த்தம்னு சொன்னேள்?"

"ஜாக்கிரதைன்னு சொன்னேன் மேடம்."

"நன்னாருக்கு." சிரிப்பாரோ என்று ஒரு நிமிஷம் ஆசையாகப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஃபைல்ல இங்கிலீஷ் மட்டும்னு எழுதியிருக்கு. நீங்க பாட்டுக்கு இஷ்டத்துக்குப் பண்ணிண்டிருக்கேள்."

"மேடம், அந்தப் பிள்ள பேசுதா மேடம். நாலு வருஷமா பேசாத பிள்ள."

"பேசட்டும். மார்ச்ல இந்த ஸ்கூலோட பரீட்சை எந்த பாஷையில நடக்கும்? நானும் இதே ஸ்கூல்ல படிச்சவதான். தமிழ் பேசினதுக்கு பெஞ்சு மேல ஏறி நின்னிருக்கேன். பாஷையைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்." வாட்சைத் திருகிக்கொண்டார். "பரீட்சை அன்னிக்கு நீங்க வராண்டாவுல கூட நிக்கப்படாது. கேட்டுக்கு வெளியில. சரியா? அவ தானா எழுதினா நாலாங்கிளாஸ். இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அதற்குப் பின் இரண்டு மாதம் முறைப்படி விலகினேன். பின்வரிசைக்குப் போனேன். வாசலுக்குப் போனேன். பாதி பீரியட் வெளியே நின்றேன். நான் இல்லாத நேரத்துக்கு ஒரு அட்டை செய்தேன்: ஒரு கேட், அதற்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் நான். "பரீட்சையன்னிக்கு மிஸ்ஸு கேட்டுக்கு வெளிய இருப்பேன். நீ உள்ள எழுதுவ. மணி அடிச்சதும் நீ வெளிய வருவ" என்று ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அவளும் அட்டையைப் பார்த்து, "மிஸ்ஸு வெளிய" என்று விரல் வைத்துக் காட்டினாள். அவள் தயார். தயாராகாதது நான்தான்.

என் பயத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. பாதி அவளுக்காக. அந்தப் பூட்டிய கதவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மீதிப் பாதி எனக்காக. நான் இல்லாமல் அவள் தோற்றுவிடுவாளோ என்று பயந்த அதே மனசின் இன்னொரு மூலையில், நான் இல்லாமலே அவள் எழுதிவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்றும் ஒரு எண்ணம் இருந்தது. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

பரீட்சை காலையில் நல்லபிள்ளையாக கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். பிள்ளையின் அம்மாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். ஈ.வி.எஸ். என்கிற சுற்றுச்சூழல் பாடப் பரீட்சை, முக்கால் மணி நேரம். பத்து நிமிஷம் தாங்கினேன். "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கச் சின்னக் கதவுக்குப் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் மௌசி இருந்தாள். என் டிபனில் தினமும் பங்கு வாங்கும் சிநேகிதி. அவளுடைய நீலக் கோட்டைக் கேட்டேன். "பக்டீ கயி தோ மேரா நாம் மத் லேனா" என்றாள். மாட்டிக்கொண்டால் தன் பெயரை இழுக்கக் கூடாதாம். கோட்டைப் போட்டு, துப்பட்டாவைத் தலையில் முக்காடாக இழுத்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். எழுதுகிற பென்சில் படம் வரைந்த அட்டை ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் எழுதாமல் நின்றால் அதைக் காட்டுவது வழக்கம்.

பின்பக்க வராந்தாவில் ஜன்னல் ஓரமாகப் பெருக்கிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தேன். முன்னால் மேஜையில் ஹெட்மிஸ்ட்ரஸ், பக்கத்தில் வகுப்பு டீச்சர். பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் காலியாக விட்டுப்போன நாற்காலியைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு நான் போயிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் என்று நின்றேன். அவள் பென்சிலை நிறுத்தினாள். தலையைத் தூக்கினாள். நேராக ஜன்னலைப் பார்த்தாள். நான் உடனே அட்டையை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே ஆட்டினேன். எழுது, எழுது.

அவள் எழுதவில்லை. அட்டையைப் பார்த்தாள், முக்காட்டைப் பார்த்தாள், குனிந்து எனக்குத் தெரியாத எதையோ யோசித்தாள். பெஞ்சை விட்டு எழுந்து நின்றாள். எழுந்து நின்றால் அடுத்தது ஓட்டம்தான், அதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவை மூடுவதைப் பார்த்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவள் ஓடவில்லை. கையைத் தூக்கினாள். கை தூக்கிக் கேட்பதை ஜூனிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்துத் தோற்றிருந்தேன். நான் தூக்கினால் அவளும் தூக்குவாள், அதற்கு மேல் ஒன்றும் வராது. இப்போது யாரும் தூக்காமல் அவளாகவே, நேராக, விரல்களை விரித்துத் தூக்கியிருந்தாள்.

"யெஸ்?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"மிஸ்ஸு ஜன்னல்ல நிக்காவ" என்றாள் பிள்ளை. வகுப்பு முழுக்கக் கேட்டது. "கேட்டுக்கு வெளிய இருப்பேன்னு சொன்னாவ. வெளிய இல்ல. உள்ள நிக்காவ. போகச் சொல்லுங்க. நான் எழுதணும்."

நாற்பது தலைகள் ஜன்னலுக்குத் திரும்பின. துடைப்பத்தோடு நான் நின்றேன். ஆங்கிலத்தில் மட்டும் பேசவும் என்ற பலகை சரியாக என் தலைக்கு மேலே தொங்கியது. ஹெட்மிஸ்ட்ரஸ் பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் அத்தனை பிள்ளைகள் முன்னாலும், "நீ ஒக்காந்து எழுதும்மா. அவாளை நான் அனுப்பறேன்" என்றார்.

பிள்ளை உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னை, நீலக் கோட்டை, முக்காட்டை, பென்சில் அட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "போங்கோ" என்றார். நான் போனேன்.

கேட்டுக்கு வெளியே அம்மாக்காரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "என்னாச்சுக்கா? தண்ணி குடிக்க இம்புட்டு நேரமா? ஏன் அழுதிய?" என்றாள். நான் அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "ஒம்பிள்ள என்னைய வெளிய தள்ளிட்டா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷமா துக்கமா என்று கேட்டாள். இரண்டும்தான். ஒரு வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது இதுதான். அது நடந்தபோது நெஞ்சில் யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரிதான் இருந்தது.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸே பிள்ளையோடு கேட்டுக்கு வந்தார். "நாலு கேள்வி மடமடன்னு எழுதினா. நீங்க வந்து நின்னப்புறம்தான் நின்னுது. நீங்க போனப்புறம் மீதியையும் எழுதிட்டா" என்று என்னிடம் சொன்னார். அம்மாவின் பக்கம் திரும்பி, "நாலாங்கிளாஸ் புஸ்தகம் ஜூன்ல தருவா. வாங்கிக்கோங்கோ" என்றார். மறுபடி என்னிடம், "அடுத்த வருஷம் ஒங்களை வேண்டாம்னு டிரஸ்ட்டுக்கு எழுதப்போறேன். இவளுக்கு வேண்டாம். ஒண்ணாங்கிளாஸ்ல இன்னொரு கொழந்தை சேர்றது. அதுக்கு வாங்கோ. கோட்டை மௌசிகிட்டத் திருப்பிக் குடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிள்ளை என்னைக் கவனிக்கவில்லை. நேராக அம்மாவிடம் போய் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, மிஸ்ஸு பொய் சொன்னாவ" என்றாள்.

அம்மாக்காரி அப்படியே நடைபாதையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் நடந்தது என்று பிள்ளை அவளிடம் வந்து சொன்ன முதல் சேதி அது. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பிள்ளை காதைப் பொத்தவில்லை, சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது.

"பெறவு?" என்றாள் அம்மா.

"நீலக் கோட்டு போட்டுருந்தாவ. துடைப்பம் வச்சிருந்தாவ."

"பெறவு?"

"நான் கையத் தூக்குனேன்."

"பெறவு என்னட்டி ஆச்சு? சொல்லு."

பிள்ளை சொல்லிக்கொண்டே போனாள். நான் செய்தது ஒன்றுவிடாமல், வரிசையாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் பெறவு, பெறவு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.